தங்கத்தை விட்டு விலகிச் செல்கிறீர்கள்

"தங்கத்தை விட்டு விலகிச் செல்கிறீர்கள். தயவுசெய்து திரும்பவும்."

சொன்னது கண்டக்டரின் சட்டைப் பை. கேட்டது அவருடைய மனைவி. மதியச் சாப்பாட்டு வேளை. கண்டக்டர் இரண்டாவது கவளத்தை வாய்க்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்.

மனைவியின் கையிலிருந்த கரண்டி பாத்திரத்துக்கும் தட்டுக்கும் நடுவே அந்தரத்தில் நின்றது.

"யாருங்க தங்கம்?"

கண்டக்டருக்குக் கவளம் தொண்டையில் உட்கார்ந்துகொண்டது. தண்ணீர் குடித்தார். இருமினார். மறுபடி தண்ணீர் குடித்தார். ஒரு மனிதன் எத்தனை நேரம்தான் தண்ணீர் குடிக்க முடியும்?

"அது... தங்கம் விலை. போன்ல வரும்."

"விலையா?"

"ஆமா. விலை ஏறிக்கிட்டே போகுதில்ல? நம்ம கைக்கு எட்டாம விலகிப் போகுதுன்னு சொல்லுது."

"அப்ப 'தயவுசெய்து திரும்பவும்'னா?"

"நகைக்கடைப் பக்கம் போகாத, வீட்டுக்குத் திரும்பிப் போன்னு அர்த்தம்."

மனைவி கரண்டியைத் தட்டுக்குக் கொண்டுவந்தாள். பாதி நம்பியிருப்பாள். அந்தப் பாதியையும் சட்டைப் பை கெடுத்தது.

"தங்கம் உங்கள் இடப்புறம் உள்ளது."

கண்டக்டருக்கு இடப்புறம் ஜன்னல் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டு மாடி. மாடியில் தையல்காரம்மா, துவைத்த துணியை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு பாவமும் அறியாதவள். ஜன்னல் வழியாக இரண்டு தலைகள் தன்னையே பார்ப்பதைக் கண்டு, மரியாதைக்கு ஒரு சிரிப்புச் சிரித்து வைத்தாள்.

அந்தச் சிரிப்பை அவள் சிரித்திருக்க வேண்டாம்.

கண்டக்டருக்கு அந்தப் பெயர் வந்த கதை சின்னதுதான். கல்யாணமாகிச் சில காலம் வரை அவர் பேருந்தில் நடத்துநராக இருந்தார். அந்தத் தடத்தையே மூடிவிட்டார்கள். மாமனார் விட்டுப்போன படகு துறையில் சும்மா கிடந்தது. "பஸ்ஸுல ஏறி இறங்குனவருக்குப் படகுல ஏறி இறங்கத் தெரியாதா?" என்று மாமியார்தான் சாவியைக் கையில் கொடுத்தார். மாமியார் துறையில் மீன் ஏலம் விடுகிறவர். தொண்டையைத் திறந்தாரென்றால் அலைகூட ஒரு நிமிஷம் நின்று கேட்டுவிட்டுப் போகும். அவர் சொன்ன விலைக்கு மறுவிலை கிடையாது. சொன்ன சொல்லுக்கும்தான்.

கண்டக்டர் இயந்திரம் ஓட்டக் கற்றார். தூண்டில் கட்டக் கற்றார். வாந்தி எடுக்காமலிருக்கவும் ஒருவழியாகக் கற்றார். திசை மட்டும் வரவில்லை. சாலையில் நிறுத்தங்கள் தாமாக வந்து நிற்கும். கடலில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே முகம். முதல் ஆறேழு மாதம் அவர் படகு போனபடியே திரும்பும். துறையில் எல்லோரும் கூடைகூடையாக இறக்கும்போது அவர் மட்டும் சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவி எடுத்துக்கொண்டு இறங்குவார்.

பிறகு ஒரு நாள் அதிர்ஷ்டம் அடித்தது. துறைக்கே விடுமுறை நாள் அது. இவர் மட்டும் ரோஷத்தில் கிளம்பிப் போனார். நடுக்கடலில் இயந்திரம் நின்றுவிட்டது. படகு தன்பாட்டுக்கு மிதந்து எங்கோ போய் நின்ற இடத்தில், அடியில் ஒரு பாறைத்திட்டு. சும்மா தூண்டிலை விட்டார். சங்கரா மீன், கலவா மீன், மறுபடி சங்கரா. கை வலிக்கும் வரை இழுத்தார். கைபேசியிலிருந்த செயற்கைக்கோள் வழிகாட்டியைத் திறந்து அந்த இடத்தைக் குறித்துக்கொண்டார். என்ன பெயர் வைக்க என்று அது கேட்டது. 'மீன்' என்று வைத்தால் எந்த மடையனுக்கும் புரிந்துவிடும். யோசித்து, 'தங்கம்' என்று வைத்தார். தன் புத்தியை எண்ணித் தானே மெச்சிக்கொண்டார்.

அன்றிலிருந்து இரண்டு வருஷமாகத் தங்கமே கதி. யாரும் பின்தொடரக் கூடாதே என்று தினமும் துறையை விட்டு நேர் எதிர்ப்பக்கம் கிளம்புவார். கொஞ்ச தூரம் போய் வளைந்து, கலங்கரை விளக்கத்துக்குப் பின்னால் பதுங்கி நின்று, யாரும் வரவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, அப்புறம்தான் தங்கத்தை நோக்கித் திரும்புவார். மற்றப் படகுக்காரர்கள் அவரை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். பொறாமை என்று கண்டக்டர் எடுத்துக்கொண்டார்.

மனைவியிடம்கூட மூச்சு விடவில்லை. காரணம், மச்சான். மனைவியின் தம்பிக்குச் சொந்தப் படகு உண்டு. காலையில் அக்கா காதில் விழுந்தது மத்தியானம் தம்பி காதில் விழும். சாயங்காலம் துறை முழுக்க விழுந்து கிடக்கும்.

வழக்கமாகக் கரைக்கு வந்ததும் வழிகாட்டியை மூடிவிடுவார். அன்று காலை கைபேசி படகில் தேங்கியிருந்த உப்புத் தண்ணீரில் விழுந்து எழுந்திருந்தது. அதிலிருந்து அதற்குப் பித்துப் பிடித்துவிட்டது. எதை அமுக்கினாலும் நிற்கவில்லை. மொத்தமாக அணைக்கப் பயம். அணைத்தால் மறுபடி உயிர் வருமோ வராதோ. வந்தாலும் தங்கம் அழிந்துபோயிருந்தால்? கடலில் அவருக்குத் தெரிந்தது அந்த ஒரே இடம். அது எங்கே இருக்கிறது என்று அவருக்கே தெரியாது, கைபேசிக்குத்தான் தெரியும்.

கையைக் கழுவியும் கழுவாமலும் கைபேசிக் கடைக்கு ஓடினார்.

கடைக்காரர் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தண்ணி போயிருக்கு அண்ணே. சத்தம் எங்கேருந்து வருதுன்னு பாக்கணும்" என்று ஏதோ ஒன்றை அமுக்கினார். கடை வாசலில், பாட்டுப் போடுவதற்காக ஆள் உயரத்துக்கு ஒலிபெருக்கி வைத்திருந்தார். கைபேசி அதோடு போய் ஒட்டிக்கொண்டது.

"தங்கத்தை விட்டு விலகிச் செல்கிறீர்கள்!" என்று தெரு முழுக்க அதிர்ந்தது. "தயவுசெய்து திரும்பவும்!"

சைக்கிளில் போன ஒருவர் நிஜமாகவே திரும்பினார். எதிர்க்கடையில் நூல்கண்டு வாங்கிக்கொண்டிருந்த தையல்காரம்மாவும் திரும்பினாள்.

"யாரு அண்ணே தங்கம்?" என்றார் கடைக்காரர், குரலைத் தாழ்த்தி.

"ஒருத்தரும் இல்ல. சத்தத்த நிறுத்துய்யா!"

"சத்தத்த நிறுத்தணும்னா உள்ள பிரிக்கணும். பிரிச்சா உள்ள இருக்கறது எதுவும் தங்காது. ஒண்ணு செய்யுங்க. பேரை மாத்திடுங்க. வீட்டுல யாரும் தப்பா நினைக்காத பேரா வைங்க."

நல்ல யோசனைதான். யாரும் தப்பாக நினைக்க முடியாத பெயர் எது? கண்டக்டர் யோசித்தார். எந்த மனைவியும் சந்தேகப்பட முடியாத ஒரே ஒரு பெண் உலகத்தில் உண்டு. 'அத்தை' என்று மாற்றினார். இனி அது என்ன கத்தினாலும் மாமியாரைப் பற்றித்தான் கத்தும். பிரச்சினை தீர்ந்தது என்று நிம்மதியாக வீட்டுக்கு நடந்தார்.

வீட்டில் மாமியார் வந்து உட்கார்ந்திருந்தார். மகள் ஆள் அனுப்பியிருக்கிறாள். தரையில் முறத்தை வைத்துக்கொண்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். மனைவியின் கண் சிவந்திருந்தது. அது வெங்காயத்தால் அல்ல.

"வாங்க மாப்பிள்ளை. போன் சரியாயிடுச்சா?"

"ஆயிடுச்சு அத்தை. ஒண்ணுமில்ல, சின்னக் கோளாறு."

"எச்சரிக்கை!" என்றது சட்டைப் பை. "அத்தையை நெருங்குகிறீர்கள். ஆபத்தான பகுதி. வேகத்தைக் குறைக்கவும்."

வெங்காயம் உரித்த கை நின்றது.

கண்டக்டர் சட்டைப் பையைக் கையால் பொத்தினார். அந்த இடத்தில் பாறை உண்டென்று எச்சரிக்கைக் குறி வைத்தது அவர்தான். அது ஒட்டிக்கொண்டே வருமென்று யாருக்குத் தெரியும்?

மாமியார் மருமகனை நிமிர்ந்து பார்த்தார். மருமகனுடைய சட்டைப் பையையும் பார்த்தார். "எந்திரமா இருந்தாலும் உள்ளத உள்ளபடி சொல்லுது" என்று சொல்லிவிட்டு அடுத்த வெங்காயத்தை எடுத்தார்.

"பாத்தியாம்மா!" என்று மனைவி வெடித்தாள். "மத்தியானம் தங்கம். இப்ப உன் பேரு. ஊரு வாயை மூட உன் பேரை வச்சு மறைக்கறாரு. கடை வாசல்ல மைக்கு வச்சுக் கத்துச்சாம். மூணு பேரு வந்து சொல்லிட்டாங்க. மூணாவது ஆளு யாரு தெரியுமா? அந்தத் தையல்காரம்மாவே! 'அக்கா, உங்க வீட்டுக்காரர் ஏதோ தங்கம் வாங்கித் தர்றாராமே'ன்னு கேட்டுட்டுப் போறா!"

தம்பிக்கும் சொல்லி அனுப்பியாகிவிட்டது. சற்று நேரத்தில் மச்சான் வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றான்.

"அத்தான், எதுவா இருந்தாலும் மனசு விட்டுச் சொல்லிடுங்க. மனுஷன்னா சறுக்கறது சகஜம்."

"நான் எங்கயும் சறுக்கல மச்சான்!"

"அப்ப தங்கம் யாரு?"

கண்டக்டர் மூன்று முகங்களையும் மாறிமாறிப் பார்த்தார். ஒரு பக்கம் குடும்பம், மறு பக்கம் தொழில். மனைவி அலமாரியைத் திறந்து துணிகளை எடுத்து வெளியே வைக்க ஆரம்பித்திருந்தாள். தன் துணிகளை அல்ல. அவருடைய துணிகளை.

"அது... ஒரு இடம்" என்றார் ஈனக்குரலில். "மீன் பிடிக்கற இடம்."

"மீன் பிடிக்கற இடத்துக்கு யாராச்சும் தங்கம்னு பேரு வைப்பாங்களா?"

"யாருக்கும் தெரியக் கூடாதுன்னுதான் வச்சேன்."

"அதான் எனக்கும் தெரியும்!" என்று மனைவி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

கண்டக்டர் ஆதரவு தேடி மாமியார் பக்கம் திரும்பினார். மாமியார் முகத்தை முறத்துக்குள் கவிழ்த்திருந்தார். தோள்கள் குலுங்கின. தன்னால் ஒரு பெரிய மனுஷி அழும்படி ஆகிவிட்டதே என்று கண்டக்டருக்கு நெஞ்சு கனத்தது.

கொஞ்ச நேரம் கழித்து மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். "எதுக்கு வாய்ச்சண்டை? நாளைக்கு எல்லாருமா போய்ப் பாத்துட்டா போச்சு."

"எல்லாருமா?" என்றார் கண்டக்டர். அவர் பார்வை மச்சான் மேல் விழுந்தது.

"என் தம்பி வராம நான் வர மாட்டேன்" என்றாள் மனைவி. "நடுக்கடல்ல நீங்க எதையாச்சும் காட்டி இதுதான் தங்கம்னா எனக்கு என்ன தெரியும்?"

மறுநாள் காலையில் படகு கிளம்பியது. கண்டக்டர் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். மச்சான் கண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டும். மச்சான் கொஞ்சமும் முறைக்காமல் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கண்ணில் கட்டிக்கொண்டு, படகின் ஓரத்தில் சாய்ந்து கால் நீட்டிவிட்டான். அவன் இவ்வளவு எளிதில் ஒத்துக்கொண்டதே கண்டக்டருக்குச் சந்தேகமாக இருந்தது.

மாமியார் படகின் நடுவில், பலகையில் சம்மணம் போட்டு ராணி மாதிரி உட்கார்ந்திருந்தார். மனைவி ஒரு வாளியைக் கட்டிப்பிடித்திருந்தாள். மீனவக் குடும்பத்தில் பிறந்தவள்தான். ஆனால் படகு ஆடினால் அவளுக்கு ஆகாது. சந்தேகம் மட்டும் இல்லையென்றால் இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டாள்.

போகப் போகக் கண்டக்டருக்கு ஒரு உபாயம் தோன்றியது. எதற்காக உண்மையான இடத்தைக் காட்ட வேண்டும்? கடலில் எல்லா இடமும் ஒன்றுதானே. எங்கேயாவது நிறுத்தி 'இதுதான்' என்றால் தீர்ந்தது. சத்தம் போடாமல் சுக்கானைத் திருப்பினார்.

"அத்தையை விட்டு விலகிச் செல்கிறீர்கள்" என்றது கைபேசி.

"நான் இங்கதானே இருக்கேன்" என்றார் மாமியார்.

"எங்கங்க கூட்டிட்டுப் போறீங்க?" என்று வாளிக்குள்ளிருந்து மனைவியின் குரல் கேட்டது.

"இதோ வந்தாச்சு. இதுதான் இடம். இதுதான் தங்கம்." இயந்திரத்தை நிறுத்தினார். தூண்டிலைப் போட்டார்.

உட்கார்ந்தார்கள். வெயில் ஏறியது. தூண்டில் நரம்பு தூங்கியது. துண்டுக்குள் மச்சானும் தூங்கினான். வெகுநேரம் கழித்து ஒரு கொத்து கொத்தியது. ஆவலாக இழுத்தார். கொக்கியில் ஒரு செருப்பு வந்தது. அது பெண்கள் போடும் செருப்பு.

மனைவி வாளியிலிருந்து தலையை எடுத்து அந்தச் செருப்பையே பார்த்தாள்.

"இது யாரோட செருப்புன்னு நான் கேக்க மாட்டேன்" என்றாள். "கரைக்குப் போனதும் எங்க அம்மா வீட்டுல என்னை விட்டுடுங்க. நீங்க உங்க தங்கத்தோட நல்லா இருங்க."

இதுவரை கோபமாகப் பேசியவள் இப்போது அமைதியாகப் பேசியதுதான் கண்டக்டரை உலுக்கிவிட்டது. சண்டை போடுகிறவளைச் சமாளிக்கலாம். 'நல்லா இருங்க' என்கிறவளை என்ன செய்வது? போகட்டும், ரகசியம் போனால் போகிறது. செருப்பைத் தூக்கிக் கடலில் எறிந்துவிட்டு இயந்திரத்தை முடுக்கினார்.

"இங்க பாரு. இது இடமில்ல. நான் சொன்னது பொய். இப்பக் கூட்டிட்டுப் போறேன் பாரு, அதுதான் நிஜம்."

கைபேசி மனம் குளிர்ந்துபோய் வழி சொல்லத் தொடங்கியது. படகு வேகமெடுத்தது. நல்ல தூரம் போனதும் மச்சான் துண்டுக்குள்ளிருந்து, "அத்தான், வேகத்தக் குறைங்க" என்றான்.

"கட்டு வழியா தெரியுதா உனக்கு?"

"அட, இல்ல. ரொம்பக் குலுங்குது, அதான்."

அவன் சொல்லி வாய் மூடுவதற்குள் கைபேசியும் அதையே சொன்னது. "வேகத்தைக் குறைக்கவும். அத்தையை வந்தடைந்துவிட்டீர்கள்."

நங்கூரம் இறங்கியது. கண்டக்டர் தூண்டிலை மனைவியின் கையில் கொடுத்தார். "நீயே போடு."

அவள் ஒரு கையில் வாளியும் ஒரு கையில் நரம்புமாக வேண்டாவெறுப்பாகப் போட்டாள். நரம்பு விறைத்தது. "ஐயோ!" என்றாள். வாளி உருண்டது. இரண்டு கையாலும் இழுத்தாள். கைத்தடி நீளத்துக்கு ஒரு கலவா பளபளவென்று படகில் வந்து விழுந்து துள்ளியது. அவளுக்கு மயக்கமும் மறந்தது, தையல்காரம்மாவும் மறந்தாள். "இன்னொண்ணு போடுங்க, இன்னொண்ணு போடுங்க" என்றாள். அடுத்தது சங்கரா. அதற்கடுத்ததும் சங்கரா.

"அடேயப்பா!" என்று மாமியார் கன்னத்தில் கை வைத்தார். "இப்படி ஒரு இடமா! மாப்பிள்ளை, எப்படித்தான் கண்டுபிடிச்சீங்க?"

"எல்லாம் ஒரு கணக்குதான் அத்தை" என்றார் கண்டக்டர், அடக்கமாக.

மனைவி அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கையெல்லாம் செதில். "இத முன்னாடியே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன? நான் என்னென்னமோ நினைச்சு..."

"சொன்னா உன் தம்பிக்குத் தெரிஞ்சுடுமே."

"தெரிஞ்சா என்ன? அவன் யாருகிட்டயும் சொல்ல மாட்டான். டேய், சொல்லுவியா?"

"உயிரே போனாலும் சொல்ல மாட்டேன் அக்கா" என்றான் மச்சான் துண்டுக்குள்ளிருந்து. கொஞ்சம் அழுத்தியே சொன்னான்.

சாயங்காலம் மனைவி தையல்காரம்மா வீட்டுக்கு ஒரு பெரிய சங்கராவைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, தேவையே இல்லாமல் நான்கு ஜாக்கெட் தைக்கவும் கொடுத்துவிட்டு வந்தாள். கண்டக்டரின் துணிகள் அலமாரிக்குத் திரும்பின. வீடு பழையபடி சிரித்தது.

கண்டக்டருக்குத்தான் தூக்கமில்லை. மச்சான் வாய் எத்தனை நாளைக்குத் தாங்கும்? நாளைக்கே பத்துப் படகு தங்கத்தின் மேல் வந்து நிற்கப்போகிறது. இனி வேறு இடம் தேடுவதற்கு வயதுமில்லை, திசையுமில்லை.

விடிந்ததும் விடியாததுமாகக் கிளம்பிப் போனார். திட்டில் ஒரு படகும் இல்லை. அடுத்த நாளும் இல்லை. ஒரு வாரம் போயிற்று. தூரத்தில் போகிற படகுகள்கூட அந்தத் திட்டை ஒரு வளையம் விட்டுச் சுற்றிக்கொண்டு போயின. கண்டக்டருக்கு மச்சானை நினைத்துக் கண் கலங்கியது. எத்தனை வருஷம் ஒரு உத்தமனைப் போய் ஓட்டைவாயன் என்று நினைத்துவிட்டோம்!

மனசு தாங்காமல், அன்று ஐஸ் வாங்கும்போது ஐஸ்காரரிடம் சொல்லிவிட்டார். ஐஸ்காரர் துறையில் பழம் தின்று கொட்டை போட்டவர். ஐஸ் பாளத்தை உடைத்துக்கொண்டே காது கொடுத்தார்.

"என் மச்சான் மாதிரி ஒரு ஆளை நான் பாத்ததே இல்லைய்யா. ஒரு ரகசியம் அவனுக்குத் தெரிஞ்சுபோச்சு. ஒரு வாரமாச்சு, ஈ காக்கா அந்தப் பக்கம் வரலையே!" என்றார் கண்டக்டர்.

"எந்தப் பக்கம்?"

கண்டக்டர் அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "கலங்கரை விளக்கத்தத் தாண்டி ஒரு பாறைத்திட்டு. உலகத்துல ஒருத்தனுக்கும் தெரியாது."

ஐஸ்காரர் சம்மட்டியைக் கீழே வைத்தார்.

"அட, அந்தத் திட்டா? துறையில முக்கால்வாசிப் படகு அங்கதானே கிடந்துச்சு; 'என் மாப்பிள்ளைக்குக் கடல்ல தெரிஞ்சது அந்த ஒரு இடம்தான், அத அவருக்கே விட்டுட்டு நீங்கல்லாம் வேற எங்கயாச்சும் போங்கய்யா'ன்னு ரெண்டு வருஷம் முன்னாடி உங்க மாமியார் ஏலத்துல நின்னு சொன்னதுக்கப்புறம் எவனுக்கு அங்க போகத் தைரியம் வரும், கண்டக்டரே?"